முருகைக்கல்லின் மேல் எத்தனை கால்கள்?

வெசாக் போயாவை ஒட்டிய விடுமுறை நாட்களில் திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் பஸ்களும் வான்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம். அநுராதபுரத்திலிருந்தும் குருநாகலிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திறங்குகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடலும் தெற்குக் கடலும் கொந்தளித்துக் கொண்டிருக்க, கிழக்குக் கடல் அப்போது குளம்போலக் கிடக்கும். கரையில் அனுமதிச்சீட்டு வாங்கிப் படகில் ஏறினால் சில நிமிடங்களில் புறாத்தீவு. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நடக்கும்போது பாதத்தில் ஏதோ கரகரவென்று முறியும். பிள்ளைகள் சிரிப்பார்கள். கல்லென்று நினைத்து அவர்கள் கால் வைத்த இடம் பல வேளைகளில் கல்லல்ல. அது உயிர்.

இதற்காக அப்பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுவதில் பயனில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமது நாட்டின் அழகான இடமொன்றைப் பார்க்க அவர்களுக்கு முழு உரிமையுண்டு. நாம் இங்கு ஆராய விரும்புவது வேறொரு கேள்வி. பாதுகாக்கப்பட்ட இடமென்று அரசாங்கம் பிரகடனப்படுத்திய ஓர் இயற்கைச் செல்வத்தைப் பலர் பார்க்கவும் வேண்டும், அது அழியாமலும் இருக்கவேண்டும், அதனருகே வாழும் கிராமத்தவர் அதனால் பிழைக்கவும் வேண்டும் என்றால், எல்லையை வகுப்பது யார்? 'நிலைபேறான உல்லாசப் பயணத்துறை' என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றது.

புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள இத்தீவைப் புறாமலை என்றும் சொல்வர். பெரிது, சிறிது என உண்மையில் இரண்டு தீவுகள். பெரியதுகூட ஏறக்குறைய 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுமே கொண்டது. இரண்டு மூன்று உதைபந்தாட்ட மைதானங்களைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். பாறை இடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் இப்பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டதாம். 1963ல் சரணாலயமாக்கப்பட்டு, 2003ல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூங்காவின் பரப்பு சுமார் 471 ஹெக்டேயர். அதில் மிகப் பெரும் பகுதி கடல். பூங்கா என்றதும் மரமும் செடியும் நினைவுக்கு வருவோர் இதைக் கவனிக்க வேண்டும். இது தண்ணீருக்குக் கீழே இருக்கும் பூங்கா. ஏறத்தாழ நூறு வகை முருகைக்கற்களும் முந்நூறு வகை மீன்களும் இங்கு பதிவாகியுள்ளன. கரும்புள்ளிச் செட்டைச் சுறாக்கள் ஆழமற்ற நீரிலேயே உலாவுகின்றன.

சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் உள்ள வித்தியாசம் கிராமத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. இரண்டும் 1937ம் ஆண்டின் 2ம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. சரணாலயத்தினுள் தனியார் காணிகள் இருக்கலாம். வனசீவராசிகளுக்குத் தீங்கு செய்யாதவரை மனிதரின் வழமையான வாழ்வு தொடரலாம். தேசிய பூங்காவோ முற்றாக அரசுக்குரியது. அனுமதிச்சீட்டுடன் போய்ப் பார்க்கலாம், படிக்கலாம். எதையும் எடுக்க முடியாது. மீன் பிடிப்பதும் குற்றம். ஆகவே 2003ம் ஆண்டின் அந்த வர்த்தமானி அறிவித்தல் அயற் கிராமத்தவருக்கு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை மூடியது.

அது எந்தக் காலம் என்பதையும் நினைவில் கொள்வோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, கடலுக்குப் போகும் தடைகள் சற்றுத் தளர்ந்திருந்த வேளை. அடுத்த ஆண்டின் இறுதியில், 2004 டிசம்பர் 26ல், கடற்கோள் வந்தது. பின்னர் மீண்டும் போர். 2009 மே மாதத்தில் போர் முடிந்து வீதிகள் திறந்தபின்னரே தென்பகுதி மக்கள் பெருந்தொகையாகக் கிழக்குக்கு வரத் தொடங்கினர். முப்பது ஆண்டுகளாக மனிதர் அதிகம் நெருங்காதிருந்த முருகைக்கல்லின் மேல் ஒரு சில ஆண்டுகளுக்குள் கூட்டம் இறங்கியது. போர் எத்தனையோவற்றை அழித்தது. ஆளரவம் இல்லாமையால் சில இடங்கள் தப்பியிருந்தன என்பதும் உண்மை. சமாதானம் வந்து அவை அழிந்தன என்று எழுதப்படும் நிலை வரக்கூடாது.

உயிருள்ள கல்

முருகைக்கல் என்பது மிகச் சிறிய கடல் உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவிட்டுக் கட்டும் வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அல்காக்கள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. நிறத்தைக் கொடுப்பவையும் அவையே. ஆகவே முருகைக்கல்லுக்குத் தெளிந்த நீரும் வெளிச்சமும் வேண்டும். நீர் கலங்கி மண் படிந்தால் அது மூச்சுமுட்டும். கடல்நீரின் வெப்பம் கோடைகாலத்து வழமையான உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு கூடி, சில வாரங்கள் அப்படியே இருந்தால், உள்ளிருக்கும் அல்காக்கள் வெளியேறிவிடும். கல் வெள்ளையாகத் தெரியும். இதனையே வெளிறல் என்கின்றனர். வெப்பம் விரைவில் தணிந்தால் அல்காக்கள் திரும்பி வரும். தணியாவிட்டால் கல் பட்டினியால் இறந்துபோகும்.

கிளைவிட்டு வளரும் முருகைக்கல் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்துச் சென்றிமீற்றர் வரை வளரலாம். உருண்டையாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவே வளரும். ஒருவர் நெஞ்சளவு உயரமான உருண்டைக் கல்லொன்று எமது பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கின்றனர். நங்கூரம் விழுந்தால் ஒரு நிமிடத்தில் பத்தாண்டு வளர்ச்சி நொருங்கும். நீந்துவோர் காலில் அணியும் துடுப்புக் கிளப்பும் மணல் பக்கத்துக் கல்லில் படியும். மீன்களுக்குப் பாண் போடும் வழக்கமும் நல்லதல்ல. கல்லின் மேல் படரும் பாசியை மேய்ந்து அதைச் சுத்தமாக வைத்திருப்பது மீன்களின் வேலை. பாணுக்குப் பழகிய மீன்கள் அந்த வேலையை விட்டுவிடும்.

இவையெல்லாம் சிறிய குற்றங்கள். ஒருவர் செய்தால் கடல் பொறுக்கும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் செய்யும்போதுதான் பொறுக்காமற் போகின்றது. வெளிறலை நிலாவெளியில் இருந்துகொண்டு எம்மால் நிறுத்த முடியாது. அது உலகம் எரிக்கும் எண்ணெயாலும் நிலக்கரியாலும் வருவது. 1998ல் அது இலங்கைக் கடலைத் தாக்கியது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர். ஆனால் மிதியாலும் நங்கூரத்தாலும் கழிவுநீராலும் ஏற்கெனவே களைத்துப்போன கல்லைவிட, ஓய்வெடுத்த கல் வெப்பத்திலிருந்து மீண்டெழ வாய்ப்பு அதிகம். எமது கையிலிருப்பது அந்த ஓய்வுதான்.

ஹிக்கடுவை

தெற்கே ஹிக்கடுவையின் கதை எமக்கு முன்னாலே நடந்து முடிந்தது. 1960களின் பின் வெளிநாட்டினர் தேடி வந்த கரை அது. 1979ல் அங்குள்ள முருகைக் கடல் சரணாலயமாக்கப்பட்டது. 1998ல் அதன் தரம் உயர்த்தப்பட்டு, 2002ல் தேசிய பூங்காவாயிற்று. காகிதத்தில் பாதுகாப்பு ஏறிக்கொண்டே போனது. கடலிலோ கண்ணாடி அடித்தளப் படகுகளின் தொகையும் ஏறிக்கொண்டே போனது. இடமோ சிறியது, சுமார் நூறு ஹெக்டேயர். நீர் வற்றும் நேரத்தில் படகின் அடி கல்லில் உரசும். கரையோர ஹொட்டேல்களின் கழிவுநீரும் மண்ணும் கடலில் சேர்ந்தன. இப்படிக் களைத்திருந்த வேளையில் 1998ம் ஆண்டு வெளிறல் வந்தது. உயிருள்ள கல்லின் பெரும்பகுதி மடிந்தது. பல படகுக்காரர் அதன்பின்னும் தொழிலைத் தொடர்ந்தனர். கண்ணாடிக்குக் கீழே பார்ப்பதற்குத்தான் முன்போல இல்லை.

படகுக்காரர் பேராசைக்காரர் என்று சொல்லி இதை முடித்துவிட நாம் விரும்பவில்லை. ஒருவர் ஓட்டத்தைக் குறைத்தால் அந்தப் பயணிகளை அடுத்தவர் ஏற்றிச் செல்வார். கல் அழிவதோ எல்லோருக்கும் பொதுவான நட்டம். இப்படி அமைந்த தொழிலில் தனியொருவர் நல்லவராயிருப்பதால் கல்லுக்கு எந்த நன்மையும் வராது. எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் குறைத்தால்தான் பயன்.

இங்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். முருகைக்கல் அலைக்கு எதிரான மதில். 2004ம் ஆண்டுக் கடற்கோளின்போது ஹிக்கடுவையில் கரைக்கு வந்த அலையின் உயரம் இரண்டு மூன்று மீற்றர்தான். அங்கிருந்து சில கிலோமீற்றர் வடக்கேயுள்ள பெரலியவில் அது பத்து மீற்றர் அளவுக்கு எழுந்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் நின்ற ரயிலைப் புரட்டியெறிந்தது. பெரலியப் பக்கத்தில் சுண்ணாம்புக்காக முருகைக்கல் நீண்ட காலமாக வெட்டியெடுக்கப்பட்டு வந்ததை இதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் காட்டினர். கடலடியின் அமைப்பு முதலான வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் கடற்கோளில் பலரை இழந்த நிலாவெளி, குச்சவெளி மக்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. உல்லாசப் பயணிகள் வராவிட்டாலும் அந்தக் கல் எமக்கு வேண்டும்.

அப்போ தீவு

பிலிப்பைன்ஸ் நாட்டில், நீக்ரோஸ் என்னும் பெரிய தீவுக்கு அப்பால் அப்போ என்றொரு சிறு தீவு உண்டு. எழுபது ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடிய பரப்பு, சில நூறு மக்கள், எல்லாரும் மீனவர். 1970களில் அவர்களது கடலில் மீன் அருகிப் போயிற்று. டைனமைற் போடுவதும், மீனை மயக்க நஞ்சு கரைப்பதும், கல்லைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவதும் சுற்றுவட்டாரமெங்கும் பரவியிருந்தன. மீனைத் தேடித் தூரக் கடலுக்குத் துடுப்பு வலிக்க வேண்டியதாயிற்று.

அருகிலுள்ள டுமகெட்டே நகரில் சிலிமன் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1901ல் அமெரிக்கப் பிரெஸ்பிற்றேரியன் மிஷனரிமார் தொடங்கிய பாடசாலை அப்படி வளர்ந்தது. அங்கு உயிரியல் கற்பித்த ஏஞ்சல் அல்கலாவும் அவரது தோழர்களும் 1979 அளவில் அப்போவுக்குப் போய்வரத் தொடங்கினர். சட்டம் கொண்டுபோகவில்லை. பேசினார்கள். தீவைச் சூழ்ந்த கல்லில் ஒரு பங்கை மட்டும் மீன் பிடிக்காமல் விட்டுப் பாருங்கள், அங்கே மீன் பெருகி வெளியே வரும் என்றனர். பசியோடிருக்கும் மீனவரிடம் 'பிடிக்காதே' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைக் கிராமங்களில் வேலை செய்யும் எமது வாசகர்கள் அறிவர். மூன்று ஆண்டுகள் பேசவேண்டியிருந்தது. 1982ல் சில குடும்பங்கள் சம்மதித்தன. கரையோரமாகச் சுமார் 450 மீற்றர் நீளமான பகுதியை ஒதுக்கி, அக்குடும்பங்களே முறைவைத்துக் காவல் காத்தன. சில ஆண்டுகளில் ஒதுக்கிய பகுதிக்குள் மீன் பெருத்தது. அதைக் கண்ட பின்னரே மற்றவர்களும் சேர்ந்தனர். 1985ல் உள்ளூராட்சி அதைச் சட்டமாக்கியது. தீவின் எஞ்சிய கடலிலும் தீவு மக்கள் மட்டுமே, அதுவும் அழிவு செய்யாத முறைகளால் மட்டுமே பிடிக்கலாம் என்ற விதி வந்தது.

உல்லாசப் பயணிகள் அதன் பிறகுதான் வந்தனர். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மக்கள் தமது எல்லையைத் தாமே வகுத்தனர். எல்லை கடலை நிரப்பியது. நிரம்பிய கடலைப் பார்க்க ஆட்கள் வந்தனர். வந்தவர்களிடம் வாங்கிய கட்டணமும் சிறிய விடுதிகளின் வருமானமும் பிள்ளைகளை டுமகெட்டேக்கு மேற்படிப்புக்கு அனுப்ப உதவின. அதே வேளை மீன்பிடியை அவர்கள் விட்டுவிடவில்லை. அல்கலாவுக்கு 1992ல் மக்சேசே விருது கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டாக வைத்திருப்போம். 1994ல் மத்திய அரசு அப்போவைத் தேசிய பாதுகாப்புப் பிரதேசமாக்கியது. பொறுப்பு ஒரு முகாமைத்துவச் சபைக்குப் போனது. அதில் தீவு மக்களுக்கும் இடமுண்டு, ஆயினும் அவர்கள் பலருள் ஒருவராயினர். கட்டணத்தின் முக்காற்பங்கு தீவின் தேவைகளுக்குத் திரும்பிவர வேண்டுமென்று சட்டம் சொன்னது. ஆனால் பணம் முதலில் மேலே சென்றுதான் கீழே வந்தது, தாமதமாக வந்தது. நாம் தொடங்கியதை எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்ற மனக்குறை தீவில் வளர்ந்தது. மேலதிகப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்தது, பாதுகாத்தவர்களின் கையைத் தளர்த்திவிட்டதல்லவா?

2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் வந்த சூறாவளிகள் அந்த ஒதுக்கிய பகுதியின் கல்லை நொருக்கின. அதன்பின் அப்பகுதி பயணிகளுக்கு மூடப்பட்டது. தீவின் மற்றப் பக்கங்கள் திறந்திருந்தன. மூடுவதற்குத் துணிவு வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அது சாத்தியம்.

நிலாவெளிக்குத் திரும்புவோம்

நிலாவெளியில் வரிசை தலைகீழாக அமைந்தது. முதலில் சட்டம், பிறகு கூட்டம், கிராமத்தவரின் சொல் கடைசியில். அனுமதிச்சீட்டுப் பணம் திணைக்களத்துக்குச் செல்கின்றது. கிராமத்தவருக்கு வருவது படகுக்கூலியும் சிறு கடை வருமானமும். கூலி என்பது ஆட்களின் தொகையைப் பொறுத்தது. ஆகவே கூட்டம் கூடினால் அரசாங்கத்துக்கும் இலாபம், படகுக்காரருக்கும் இலாபம். கூட்டம் குறைந்தால் இலாபமடையும் ஒரே தரப்புக் கல்தான், அதற்கு வாயில்லை. ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று ஆதியாகமத்தை வைத்து எமது கோவில்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகின்றது. தோட்டத்துக்குச் சீட்டுக் கொடுப்பது யார், அந்தப் பணம் எங்கே போகின்றது என்பதைப் பற்றிப் பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்டதில்லை.

எல்லை வகுப்பது எமது கரையோர மக்களுக்குப் புதிய விடயமல்ல. கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். வலை இழுக்கத் தகுந்த கரைத்துண்டைப் 'பாடு' என்கிறோம். ஒரு பாட்டில் எல்லா வலைகளையும் ஒரே நேரத்தில் வளைக்க முடியாது. ஆகவே முறை வைத்தார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். முறையை மீறினால் ஊர் கூடிப் பேசும். எந்த நிபுணரும் வந்து கற்பித்ததல்ல இது. படகுக்காரர் சங்கங்களும் முறைவைத்து ஓடுவதை அறியும். ஆனால் அங்கே முறை என்பது பெரும்பாலும் வருமானத்தைப் பங்கிடுவதற்கு. கல்லுக்கு ஓய்வு கொடுப்பதற்காகவும் முறை வைக்கலாம் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தீவின் கரை 60 மீற்றர் என்க. அதில் 40 மீற்றருக்கு நீருக்குச் சற்றுக் கீழே கல். மிகுதி 20 மீற்றர் மணல். நீந்தத் தெரியாதவர்கள் இறங்கக்கூடிய இடம் அந்த மணல் வாய்க்கால் மட்டுமே. கரையிலிருந்து 25 மீற்றர் வரை அவர்கள் போகலாமென்றால் இடம் 500 சதுர மீற்றர். ஒருவருக்குப் பத்துச் சதுர மீற்றர் வீதம் ஒரே நேரத்தில் 50 பேர். ஒரு குழு இரண்டு மணித்தியாலம் நிற்கும், பூங்கா எட்டு மணித்தியாலம் திறந்திருக்கும் என்றால் நான்கு குழு. நாளொன்றுக்கு 200 பேர். படகொன்றில் எட்டுப்பேர் என்றால் 25 ஓட்டங்கள். ஊரில் 40 படகுகள் இருந்தால்? ஒரு படகுக்கு ஒரு ஓட்டம்கூட வராது. 20 படகு இன்றைக்கு, 20 படகு நாளைக்கு என்று பிரித்தால் ஓடும் நாளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டம், சிலவற்றுக்கு இரண்டு. கூலி போதுமா? போதாதென்றால் கூலியை உயர்த்தவேண்டும். ஒருவரும் குறைத்துக் கேட்கக்கூடாது. இந்த இடத்தில்தான் பேச்சு சூடாகும். சூடாகட்டும். உண்மையான கலந்துரையாடல் அங்கேதான் தொடங்குகின்றது.

இக்கணக்கின் எண்கள் கற்பனையானவை. உங்கள் கரையின் எண்களை நீங்களே அளந்து போடவேண்டும். காற்று மாறும் நாட்களையும், நீர் மிக வற்றும் நேரங்களையும், வெளிறல் தென்படும் வாரங்களையும் கழிக்கவேண்டும். கல் வெளிறியிருக்கும் வாரங்களில் ஒருவரையும் இறக்காமல் படகிலிருந்தே காட்டித் திரும்பலாம். அப்போதும் படகுக்கூலி உண்டு. நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான மிதவைகளை மணலுள்ள இடத்தில் கட்டி வைத்துப் படகை அதில் பிணைப்பது செலவு குறைந்த வழி. பூங்காவுக்குள் மிதவை கட்டத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சங்கமாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு, தனியாளாகக் கேட்டால் கடிதத்துக்குப் பதிலே வராது. படகில் ஏறுமுன் ஐந்து நிமிடம் சிங்களத்திலும் தமிழிலும் விளக்கம் சொல்ல இளைஞர்களைப் பயிற்றலாம். வெளியூர்ப் பிள்ளை காலை வைக்குமுன் அது உயிர் என்று யாராவது சொல்லிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வைக்கமாட்டார்கள் என்பது எமது நம்பிக்கை.

பொலித்தீனும் வெற்றுப் போத்தல்களும் தனியாகச் சொல்லத் தேவையற்றளவுக்குத் தெரிந்த தொல்லைகள். மதிய உணவை வாழையிலையில் கட்டிக் கொடுக்கும் வேலையை மாதர் சங்கம் எடுத்தால் குப்பையும் குறையும், பணமும் ஊருக்குள் நிற்கும்.

வலையை விற்காதீர்கள்

மீன்பிடி வலையையும் தோணியையும் விற்று, கடன் பட்டுப் புதிய பைபர் படகும் எஞ்சினும் வாங்கி, உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பி இறங்குவோருக்கு நாட்டின் வருகைக் கணக்கை நாம் காட்ட விரும்புகின்றோம். 1982ல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 4 இலட்சத்துச் சொச்சம். அடுத்த ஆண்டு ஜூலைக் கலவரத்தோடு அது சரிந்தது. போர் முடிந்த 2009ல்கூட 447,890 தான். பிறகு ஏறியது, 2018ல் 2,333,796. 2019 ஏப்ரல் 21ல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அவ்வாண்டு 19 இலட்சமாகக் குறைந்தது. 2020ல் கொரோனா; 507,704. 2021ல் வெறும் 194,495. 2022ல் எரிபொருளும் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மீனவர்களை யார் மறப்பர்? 2024ல் மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டியது.

மூன்றாண்டுகளுக்குள் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்கக்கூடிய தொழில் இது. அதில் உழைக்கலாம், அதில் மட்டும் தங்கியிருக்கக்கூடாது. நிலாவெளியில் பருவம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான். வாடைக்காற்று எழுந்ததும் படகு கரையேறும். எஞ்சிய மாதங்களுக்குக் களப்பும் வயலும் தோட்டமும் வலையும் இருந்தவர்கள் 2020ல் தாக்குப்பிடித்தனர். அப்போ தீவார் வலையைக் கைவிடாததன் பொருளும் இதுவே. நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள், எமது திருச்சபை அமைப்புகள் உட்பட, படகுக் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது அந்தக் குடும்பத்துக்கு வேறென்ன தொழில் உண்டு என்று கேட்பது நல்லது. அதைக் கேட்காமல் கொடுத்த கடன்கள் பல எமக்குத் தெரியும்.

எண்ணிப் பார்த்தல்

கிராமத்தவரிடம் எண்கள் இருந்தால் அலுவலகத்தில் அவர்களுக்குக் கதிரை கிடைக்கும். இது எமது அனுபவம். ஆகவே வாசகர் வட்டங்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்கின்றோம். க.பொ.த. உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளைத் தெரிவுசெய்யுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பி. சாதாரண வாரநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, போயா விடுமுறை ஒன்று என மூன்று நாட்கள். மணிக்கு ஒருமுறை கரையில் நிற்கும் படகுகள் எத்தனை, இறங்கியவர்கள் எத்தனை, ஒரே நேரத்தில் நீருக்குள் நின்றவர்கள் எத்தனை, அவர்களில் கல்லின் மேல் நின்றவர்கள் எத்தனை, நங்கூரம் போட்டது எத்தனை தடவை என்று குறிக்கட்டும். பூங்காவுக்குள் இதைச் செய்யுமுன் அங்குள்ள வனசீவராசிகள் உத்தியோகத்தரிடம் சொல்லி அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைவாகச் செய்தால் பகை வளரும். புறாத்தீவுக்கு மட்டுமல்ல, யானை பார்க்கும் குளக்கரைக்கும், பறவைகள் வரும் களப்புக்கும் இது பொருந்தும். அங்கே படகுக்குப் பதிலாக ஜீப்பை எண்ணுங்கள்.

பிறகு படகுக்காரர், மீனவர், மாதர் சங்கம், ஹொட்டேலில் வேலை செய்யும் இளைஞர் எல்லோரும் ஒன்றாக இருந்து கொப்பியைத் திறந்து இவற்றைப் பேசுங்கள். கூட்டம் கூடிய நாளில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது? கல்லின் மேல் நின்றவர்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? ஓட்டத்தைக் குறைப்பதென்றால் முதலில் நட்டப்படப்போவது யார், அவருக்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்பவேண்டுமென்று கேட்பதானால் அதை எந்தப் பொதுவேலைக்குக் கேட்பது?

பிரதேச செயலகத்தின் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். பங்குனி முடியுமுன் போய்விடுவது நல்லது. சித்திரை பிறந்து படகுகள் இறங்கிவிட்டால் ஒருவருக்கும் கூட்டத்துக்கு வர நேரமிருக்காது.